முந்திப் பாங்கு சொன்ன மணிக்கூடு

மகன், உனக்கு என் ஸலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, உம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் தொடங்கியதும் "சரி உம்மா" என்கிறாய், கோப்பையைக் கழுவி வைக்கிறாய், போய்விடுகிறாய். "சரி உம்மா"வுக்குப் பதில் சொல்லத் தெரிந்த தாய் இன்னும் பிறக்கவில்லை. கடிதம் அப்படியில்லை. நீ பாதியில் விட்டு எழும்பினாலும் அது மேசையிலேயே கிடக்கும். கோபம் ஆறியதும் வந்து மிச்சத்தைப் படிக்கலாம். நீ இறால் பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டாய். உன் வாப்பா உப்பு லொறிக்கு டயர் மாற்றுகிற இடத்தில் நின்று எல்லாருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்பில் சோறு கொதிக்கிறது. நான் நம்முடைய பட்டறையில், உன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கையும் கண்ணும் முன்னைப் போல ஒன்றுக்கொன்று பேச்சுக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உன் கூட்டாளி வந்து ட்ரில்லையும் வைஸையும் சோல்டரிங் அயனையும் உன்னுடைய சீவுளியையும் எடுத்துப் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். சும்மா கொடுக்கிறாயாம். "இனி எனக்கு இது தேவைப்படாது" என்றாயாம். நீ என்னிடம் சொல்லவில்லை, அவன்தான் பாலாவிச் சந்தியில் என்னைக் கண்டு, பெரிய சந்தோஷத்தோடு நன்றி சொன்னான். நானும் என்ன ஏது என்று விளங்காமல் "பரவாயில்லை மகன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இந்த அறையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இந்தத் தகரக் கூரைக்குக் கீழே இடப்பக்கச் சுவர் உன் வாப்பாவின் மரவேலைச் சாமான்களுக்கு, வலப்பக்கச் சுவர் என் வயருக்கும் போர்டுக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நீ வளர்ந்தாய். அவரிடம் பலகை சீவக் கற்றாய், என்னிடம் ஈயம் உருக்கக் கற்றாய், கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் பிழை சொல்லவும் கற்றாய்.

நம்முடைய பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறான். ஆகவே நம் கல்யாணங்களில் பெண்ணைப் பெற்றவள் சிரித்துக்கொண்டு பிரியாணி பரிமாறுவாள். அழுவது மாப்பிள்ளையின் உம்மா, அதுவும் குசினிக்குள், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு. நானும் அழுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் கட்டிலைப் பார்த்தாலும் அழுவேன், உன் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தாலும் அழுவேன். அது உம்மாக்களின் வேலை, அதை நீ பெரிதாக எடுக்காதே. ரிஸ்னா நல்ல பிள்ளை, அவள் ஊரான முந்தலும் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். நீ போவதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. நீ வெறும் கையை வீசிக்கொண்டு போகப் பார்க்கிறாயே, அதில்தான் கோபம். என்ன காரணம் என்று கேட்டதற்கு "நான் விளையாட்டுச் சாமானோட அந்த வீட்டுக்குப் போக மாட்டன்" என்றாய். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அன்று அங்கேதானே இருந்தேன்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்போம். நீ அதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிப் பெரிதாக்கி வைத்திருக்கிறாய். கல்யாணப் பேச்சு முற்றான பிறகு உன் மாமா, ரிஸ்னாவின் வாப்பா, ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு குறை சொன்னார். அவர்கள் வீடு தென்னங்காணிக்குள், பள்ளிவாசல் தூரத்தில். கடல் பக்கமிருந்து காற்று அடித்தால் பாங்கு கேட்காது. நோன்பு காலத்தில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். அவர் சும்மா கதையோடு கதையாகச் சொன்னார், நீ அதைக் காதில் முடிந்துகொண்டு வந்தாய். ஐந்து நேரமும் தானாகப் பாங்கு சொல்கிற மணிக்கூடு ஒன்று செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்தாய். நம் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரைக் கெஞ்சி அவர் குரலைப் பதிந்து வந்தாய். போர்ட் முழுக்க நீயே ஈயம் வைத்தாய்; நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன், ஒரு குறை பிடிக்க முடியவில்லை. பெட்டிக்குப் பலகை தேடியபோது, உன் வாப்பா கற்பிட்டியில் கரையேற்றி உடைத்த பழைய வள்ளத்திலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த பலகையை எடுத்துத் தந்தார். நீ சீவச் சீவ அதற்குள்ளிருந்து தேன் நிறம் வந்தது. உன் வாப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பொண்ணூட்டு ஹோலுக்குப் போக வேண்டிய சாமான்தான்" என்றார்.

நோன்பு தொடங்கியபோது அது அவர்கள் சுவரில் ஏறிவிட்டது. உன் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மருமகன் செஞ்ச மணிக்கூடு இரிக்கக்குள்ள ரேடியோ என்னத்துக்கு?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பிறகு நம்மை நோன்பு திறக்க அழைத்தார்கள். அன்று பகல் முழுக்கத் தூறல், வானம் ஒரே மூட்டம், பொழுது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் நாங்கள் உள்ளறையில், நீங்கள் ஹோலில். கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. மோதினாரின் குரல் சுவரிலிருந்து கணீரென்று எழும்பியது. எல்லாரும் ஈத்தம்பழத்தை வாயில் போட்டோம், தண்ணீர் குடித்தோம், கஞ்சியில் பாதி இறங்கிவிட்டது. உன் மாமாவின் மூத்த நானா, அந்த வீட்டுக்குப் பெரிய மனுசர், இரண்டாவது இறைச்சிப் பட்டிஸைக் கடித்துக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் காற்று திரும்பியது. தூரத்துப் பள்ளியிலிருந்து உண்மையான பாங்கு மெதுவாக வந்து சேர்ந்தது.

அந்த அமைதியை நான் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். உள்ளே ரிஸ்னாவின் உம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் என் கஞ்சியைப் பார்த்தேன். வாய்க்குள் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேருடைய நோன்பும், பொழுது விழுவதற்குச் சில நிமிடம் இருக்கும்போது, மாப்பிள்ளையின் மணிக்கூட்டால் முறிந்துவிட்டது. அத்தனை பேரும் அதற்குப் பதிலாக இன்னொரு நாள் கழா நோன்பு பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஹோலில் இருந்து அந்தப் பெரியவரின் குரல் வந்தது: "வெளயாட்டுச் சாமான நம்பி நோம்ப உட்டோமே." நீ எழும்பினாய். சுவரிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றினாய், அதை ஒரு சீலைப்பைக்குள் போட்டாய், ஒன்றும் சாப்பிடாமல் வெளியே போய் பஸ் நிற்கிற இடத்தில் மழையில் நின்றாய். அன்றிலிருந்து பெருநாளும் வந்து போய்விட்டது, நீ இந்தப் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. பையைக் கோழிக்கூட்டுக்கு மேலே எறிந்து வைத்திருந்தாய்.

நான் அதை எடுத்துத் திறந்தேன். உன்னிடம் கேட்காமல் திறந்ததற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். ஆனால் காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்க உம்மாவுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. உன் கணக்கு பிழைக்கவில்லை, மகன். நீ வைத்த ஈயம் ஒன்றுகூட விடவில்லை. நேரத்தைச் சரிசெய்ய நீ பெட்டிக்குப் பின்னால் வைத்தாயே, நிமிடத்தைக் கூட்டுகிற சின்னப் பொத்தான், அதன் கால்களுக்கு நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்தப் பலகை எத்தனையோ வருடம் கடலில் கிடந்து குடித்த உப்பு. வெயிலில் காய்ந்த மாதிரி நடிக்கும். மூட்டம் போட்டு ஈரக்காற்று அடித்தால் வியர்க்கும். அந்த வியர்வை பொத்தானில் இறங்கி, யாரோ விரல் வைத்து அழுத்துகிற மாதிரி ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டிவிட்டது. உன் மணிக்கூடு பொய் சொல்லவில்லை, பாவம். உப்பு அதை அழுத்தியது, அது நகர்ந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. வள்ளப்பலகையில் மின்சாரச் சாமான் வைக்கக்கூடாது என்று எனக்கும் உன் வாப்பாவுக்கும் முன்பே தெரியும். நீ பிறப்பதற்கு முன்பு ஒருதரம் உன் மூத்தாப்பாவின், என் வாப்பாவின், ரேடியோப் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. கட்டுநாயக்கப் பக்கத்துத் தொழிற்சாலையில் போர்டுகளுக்கு ஈயம் வைத்த பழக்கம் எனக்கு இருந்ததால், உள்ளே அறுந்ததை நான் ஒட்டினேன். உன் வாப்பா வெளிப்பெட்டியை வள்ளப்பலகையில் செய்தார். பார்க்க அரசன் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. மழைக்காலம் வந்ததும் செய்திக்குப் பதிலாக மீன் பொரிக்கிற சத்தம்தான் வந்தது. திறந்து பார்த்தால் இதே வெள்ளைப் பூ. பட்டும் திருந்தாத ஜென்மங்கள் நாங்கள். அந்தப் பலகையை நீ சீவும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருதரம் வாய்வரை வந்தது. ஆனால் அந்தத் தேன் நிறமும், தலைமயிரெல்லாம் தூளோடு நீ சிரித்த சிரிப்பும் என்னை மறக்கடித்துவிட்டன. ஆகவே அந்தப் பிழையில் பெரிய பங்கு எங்களுக்கு. நீ முழுவதையும் தனியே சுமந்துகொண்டு திரிகிறாய்.

உன் வாப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. அவர் சொல்ல மாட்டார், வெட்கப்படுவார். அவரும் ஒரு சாமான் பெட்டியோடுதான் வந்தார். வந்த அன்றே அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். பிறகு மாதக்கணக்கில், வேலை முடிந்து உப்பளத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் போய் மரம் சீவிவிட்டு, காதுக்குள் தூளோடு வீட்டுக்கு வருவார். ஏன் இங்கேயே செய்யக்கூடாது என்று கேட்டேன். "ஊரான் ஊட்டுல சத்தம் போடப்படாது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஊரான் ஊடா? அப்ப நான் ஆரு?" என்று கேட்டேன். அவர் காதுக்குள் இருந்த தூளைத் தட்டினார்.

அந்தக் காலத்தில் நம் குசினிக் கதவு தொங்கிப்போய் நிலத்தில் இழுபடும். மருமகனிடம் வேலை சொல்வது மரியாதையில்லை என்று மூத்தாப்பா வாயைத் திறக்க மாட்டார். பெண்வீட்டில் குறை காண்பது மரியாதையில்லை என்று உன் வாப்பா வாயைத் திறக்க மாட்டார். இரண்டு பேரும் அந்தக் கதவைக் காலால் தூக்கித் தூக்கித் திறப்பார்கள், காலால் தூக்கித் தூக்கிச் சாத்துவார்கள், ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகச் சிரிப்பார்கள். ஒருநாள் கையில் சுடுகஞ்சிப் பானையோடு அந்தக் கதவில் முட்டிக்கொண்டு நின்றேன். "ரெண்டு பேருமாச் சேந்து இந்தக் கதவ மையத்தாகுற வரைக்கும் தூக்கப் போறீங்களா?" என்று கத்தினேன். மூத்தாப்பா மெதுவாக, "மருமகன்ட கட்டிலுக்குக் கீழ ஒரு பெட்டி இரிக்கிது போல" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அன்று பின்னேரமே பெட்டி வெளியே வந்தது. பலாப்பலகையில் புதுக் கதவு. ஒரு முனையை உன் வாப்பா பிடித்தார், மறுமுனையை மூத்தாப்பா பிடித்தார். அந்தக் கதவைப் போட்ட பிறகுதான் உன் வாப்பா இந்த வீட்டில் சத்தமாகத் தும்மத் தொடங்கினார். இந்தத் தகரக் கூரையை அவருக்குப் போட்டுக் கொடுத்தது மூத்தாப்பாதான்.

அதனால்தான் சொல்கிறேன். பெண்வீட்டில் மரியாதை என்ற பெயரில் ஒரு மூலையில் சுருண்டு கிடக்காதே. விருந்தாளிக்குத்தான் கை சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டுக்காரனுக்குக் கையில் கொஞ்சம் பசை, கொஞ்சம் கறுப்பு இருக்கலாம். ஆனால் நீ போட்ட தூளை நீயே தும்புத்தடி எடுத்துக் கூட்டு, மாமி கூட்டட்டும் என்று விடாதே. உன் மாமா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்கிற நேரத்தில் ட்ரில்லைத் தொடாதே. சூடான அயனைக் கண்ட இடத்தில் வைக்காதே. நான் மூத்தாப்பாவின் கதிரையில் வைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. ரிஸ்னா பக்கத்தில் வந்து நின்றால் "உனக்கு இது விளங்காது" என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் வாப்பா ஒருதரம் எனக்கு அப்படிச் சொல்லிப்போட்டு, ஒரு கிழமைக்கு மாசிச்சம்பல் இல்லாமல் சோறு தின்றார். பிழை விட்டால், பிழை விட்ட இடத்திலேயே நில். மழையில் போய் நிற்காதே. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நீ யானையுமில்லை, வரிச்சுத் தடி மாதிரி இருக்கிறாய். உனக்குச் சறுக்குவதில் என்ன ஆச்சரியம்?

இப்போது நீ அறியாத ஒன்று. போன சனிக்கிழமை நானும் உன் வாப்பாவும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போவதாகச் சொன்னோமே, போனது முந்தலுக்கு. பொய்தான், அல்லாஹ் பொறுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போனோம். பஸ்ஸில் உன் வாப்பா வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் உன் மாமா வாசலுக்கு ஓடி வந்தார்.

"மச்சான், மதினி, வாங்க வாங்க. மருமகன் எங்க?"

உன் வாப்பா தொண்டையைச் செருமி, "மச்சான், அண்டைக்கு நடந்ததுக்கு..." என்று தொடங்கினார். முடிக்க விடவில்லை. உன் மாமா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார், மகன்! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

உள்ளேயிருந்து வந்த ரிஸ்னாவின் உம்மா சொன்னார்: "நீங்க எல்லாரும் போன பொறவு நாங்க சிரிச்ச சிரிப்பு, பக்கத்துக் காணிக்கே கேட்டிரிக்கும். நானாட வாயில பட்டிஸ் அரைவாசி. முழுங்கவும் ஏலா, துப்பவும் ஏலா. புள்ள மொகத்தப் பாத்துத்தான் அண்டைக்கு அடக்கிட்டு இரிந்த."

நீ கோபம் என்று நினைத்த அமைதி அதுதான். உன் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பெரியவர் மட்டும் இன்னும் விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்கிறாராம். அவரை விடு, ஊருக்கு ஒரு ஆள் அப்படி இருப்பார். பட்டிஸ் பாதியில் நின்ற துக்கமும் இருக்கும்.

பிறகு ரிஸ்னா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். "மாமி, அதுக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள். நான் பொத்தானையும் உப்பையும் பலகையையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். சும்மா தலையாட்டவில்லை, இடையிடையே கேள்வி கேட்டாள். ஈரம் ஏறாமல் இருக்க வேறு வழியில்லையா என்றாள். போர்டைத் துடைத்துக் காயவைத்து, ஈயம் வைத்த இடங்களுக்கு நிறமில்லாத நெயில் பொலிஷ் பூசினால் உப்புக்காற்று அண்டாது, கடற்கரையில் ரேடியோ திருத்துகிறவர்கள் செய்கிற வேலை அது என்றேன். உள்ளே போனாள். ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். "ஆரோ தந்த. தொழக்குள்ள ஒளூவுக்கு ஆகாதெண்டு சும்மா கெடக்கு. இதக் கொண்டு போங்க" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பஸ்ஸுல எங்கட கேற்றத் தாண்டிப் போகக்குள்ள மத்தப் பக்கம் பாத்துட்டுப் போறாரு மாமி" என்றாள். அந்தப் போத்தல் இப்போது இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காற்றுக்குத் தாள் பறக்காமல் அதைத்தான் மேலே வைக்கப் போகிறேன்.

புறப்படும்போது உன் மாமா எங்களைத் தேங்காய்க் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். ஒரு பக்கத்தில் தேங்காய்க் குவியலை ஒதுக்கி, கூட்டி, ஒரு பழைய மேசை போட்டிருந்தார். சுவரில் புதிதாக ஒரு பிளக் பொயின்ட், அவரே அடித்தது. கோணலாக இருந்தது. "மருமகன் வந்து இது செரியா எண்டு பாக்கட்டும் மச்சான். எனக்கு இதுல கை வெக்கப் பயமா இரிக்கிது" என்றார். உன் வாப்பா அந்தக் கோணல் பிளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். குசினிக் கதவை நினைத்திருப்பார். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார், தூசு விழுந்ததாம். உப்பள வெளியில் என்ன தூசு?

வீட்டுக்கு வந்ததும் அவர் பின்பக்கம் போய், புதுக் குசினி கட்டியபோது கழற்றிச் சாத்தி வைத்த அந்தப் பலாக் கதவை இழுத்து வந்தார். ஒரு பலகையை மட்டும் அறுத்து எடுத்தார். நீ பட்டறைக்குள் வராததால் காணவில்லை; வைஸுக்குக் கீழே வைத்திருக்கிறார். வருடக்கணக்காக அடுப்புப் புகையில் காய்ந்த பலகை, கடலைக் கண்டதே இல்லை. வெளியே கறுப்பாக இருக்கும். சீவிப் பார், உள்ளே மஞ்சள். நாங்கள் அதைச் சீவவில்லை, போர்டையும் துடைக்கவில்லை. அவருக்கு முதுகு, எனக்குக் கை, அது உண்மைதான். ஆனால் முடிந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டோம். அது உன் வேலை.

நான் உன்னைப் பெற்றவள், மகன். நீ போன பிறகு இந்த அறையில் ஒரு சுவரும் மறு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கும். அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் நீ அங்கே ஒரு வீட்டில், கையை மடியில் வைத்துக்கொண்டு, பழுதான ஒன்றைக் கண்டும் காணாத மாதிரி கதவைக் காலால் தூக்கித் திறந்துகொண்டு இருக்கிறாய் என்று நினைத்தால் அதை என்னால் தாங்க முடியாது. உன் கூட்டாளிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவனுக்குத் தேவையென்றால் இங்கே வந்து செய்யட்டும், ஸ்டூல் காலியாகத்தான் இருக்கும். சாமான் உன்னோடு போகட்டும், கட்டிலுக்குக் கீழே அல்ல, அந்த மேசைக்கு மேலே.

கடைசியாக, உன் மாமா சொல்லியனுப்பியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று முறிந்த நோன்பின் கழாவை அவர்கள் வீட்டில் எல்லாருமாக ஒரே நாளில், இந்த வியாழக்கிழமை பிடிக்கிறார்கள். எனக்கும் உன் வாப்பாவுக்கும் அதே கழா இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. ஆகவே மூன்று பேரும் அங்கேதான் திறக்கிறோம். மணிக்கூட்டைக் கொண்டுவரச் சொன்னார். "எந்தப் பாங்குல முறிஞ்சிச்சோ, அந்தப் பாங்குலதான் தொறக்கிற" என்றார். உன் மாமி குறுக்கே வந்து, "கொஞ்சம் பிந்தினாலும் பரவால்ல எண்டு புள்ளைக்குச் செல்லுங்க, முந்த மட்டும் வாணாம்" என்றார். நான் சிரித்துக்கொண்டு, எதற்கும் ரேடியோவையும் பக்கத்தில் வைத்திருங்கள் என்றேன். உன் மாமா சிரிக்கவில்லை. ரேடியோவைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்து, எனக்கு முன்னாலேயே பூட்டினார். வியாழக்கிழமை அதைத் திறக்க மாட்டாராம்.